ஸ்டீமில் முதல் கேம் போடுகிறீர்களா? கேப்ஸ்யூல் படங்களை இந்த வரிசையில் தயார் செய்யுங்கள்

கேம் பாதிக்கு மேல் முடிந்து, சரி, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு பக்கம் திறந்துவிடலாம் என்று உட்காரும்போதுதான் அவர்கள் கேட்கும் படங்களின் பட்டியல் கண்ணில் படும். நல்ல போஸ்டர் ஒன்று கையில் இருக்கிறது, அதையே பல அளவில் வெட்டிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது நடக்காது. கேப்ஸ்யூல் என்று ஸ்டீம் அழைக்கும் இந்தச் சின்னப் படங்களைப் பார்த்துத்தான் ஒருவர் உங்கள் கேமைத் திறப்பதா, கடந்து போவதா என்று முடிவு செய்கிறார். டிரெய்லர், ஸ்கிரீன்ஷாட், விளக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதற்கான தகவல்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பாதி பழையவை. என் கேமுக்காக அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ஓவியரோடு பல சுற்றுப் பேசி, ஒருவழியாக முடித்த பிறகு இதை எழுதுகிறேன். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ கேம் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

படம் வரைவதற்கு முன் தேதிகளைக் கணக்குப் போடுங்கள். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். கேமின் வருமானம் 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். இந்தியக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கியின் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். கணக்குத் தொடங்க வங்கி விவரமும், வரிப் படிவமும், அடையாளச் சான்றும் கேட்பார்கள். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் அதைச் சரிசெய்வதிலேயே நாட்கள் ஓடிவிடும்.

கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் கேமை வெளியிட முடியும். 'விரைவில் வருகிறது' பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை வெளியே விடுவதற்கு முன் ஸ்டீம் ஆட்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். அதற்கு மூன்று முதல் ஐந்து வேலை நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

இவையெல்லாம் குறைந்தபட்சக் கணக்கு. விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்து வைக்கும் பட்டியல்) சேர வேண்டுமென்றால் பக்கம் பல மாதம் திறந்திருப்பதுதான் நல்லது. பக்கம் திறக்க கேப்ஸ்யூல் வேண்டும். ஆக, கேம் முடிந்த பிறகு படம் என்ற வரிசை வேலைக்கு ஆகாது. வெளியீட்டுக்கு எட்டு ஒன்பது மாதம் முன்பே ஓவியரைப் பிடித்துவிடுங்கள். ஓவியம் வரைய ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆவது சகஜம். நல்ல ஓவியர் என்றால் அவரிடம் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கும்.

நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழா பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடக்கிறது. ஒரு கேம் அதில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். ஒப்புக்கு ஒரு படத்தைப் போட்டுக்கொண்டு அதில் இறங்குவது அந்த ஒரே வாய்ப்பை வீணடிப்பது.

2. எந்த அளவில் என்னென்ன வேண்டும்

பழைய வீடியோக்களிலும் கட்டுரைகளிலும் 460 × 215, 231 × 87, 616 × 353, 374 × 448 என்று (பிக்ஸலில், அகலம் × உயரம்) படித்திருப்பீர்கள். அவை பழைய அளவுகள். இப்போது கேட்பது அவற்றின் இரு மடங்கு. வேலையைக் கொடுக்கும் முன் ஸ்டீம்வொர்க்ஸ் (கேம் செய்கிறவர்களுக்கான ஸ்டீமின் தளம்) ஆவணத்தை ஒருமுறை நீங்களே திறந்து சரிபாருங்கள். நான் தயாரித்தவை இவை:

- ஹெடர் கேப்ஸ்யூல், 920 × 430. கடைப் பக்கத்தின் உச்சியிலும் பரிந்துரைகளிலும் வருவது.
- சிறிய கேப்ஸ்யூல், 462 × 174. தேடல் முடிவுகள், அதிகம் விற்பவை, புதியவை என எல்லாப் பட்டியல்களிலும் இதுதான்.
- மெயின் கேப்ஸ்யூல், 1232 × 706. முகப்புப் பக்கத்தில் பெரிதாகக் காட்டும்போது வருவது.
- நெட்டு கேப்ஸ்யூல், 748 × 896. பெரிய சேல் பக்கங்களில்.
- லைப்ரரி கேப்ஸ்யூல், 600 × 900. வாங்கியவரின் லைப்ரரி அடுக்கில் நிற்பது.
- லைப்ரரி ஹெடர், 920 × 430.
- லைப்ரரி ஹீரோ, 3840 × 1240. இதில் எழுத்தே இருக்கக் கூடாது.
- லைப்ரரி லோகோ, பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பு, 1280 அகலம் அல்லது 720 உயரம்.

ஹீரோ படத்தின் மேல் லோகோவைத் தனியாக வைத்துக் காட்டுவார்கள்; எந்த இடத்தில் வைப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். திரையின் அகலத்துக்கு ஏற்ப ஹீரோவின் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் முக்கியமான உருவம் நடுவிலுள்ள 860 × 380 பகுதிக்குள் இருக்கட்டும்.

விகிதங்களைக் கவனியுங்கள். சிறிய கேப்ஸ்யூல் படுத்த பட்டை, நெட்டு கேப்ஸ்யூல் நிமிர்ந்த போஸ்டர், ஹீரோவோ அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லாதது. ஒரே ஓவியத்தை வெட்டி இந்த மூன்றையும் எடுக்க முடியாது. உருவம், பின்னணி, லோகோ மூன்றும் தனித்தனி லேயராக (ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த தனிப் படமாக) இருந்தால்தான் ஒவ்வொரு அளவுக்கும் நகர்த்தி அடுக்க முடியும். இதை முதல் நாளே ஓவியரிடம் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அது புது வேலை, புது விலை.

3. படத்தில் எழுதக் கூடாதவை

2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் இதைக் கண்டிப்பாக்கிவிட்டது. கேப்ஸ்யூலில் கேமின் ஓவியம், கேமின் பெயர், அதிகாரபூர்வத் துணைப்பெயர் இருந்தால் இருக்கலாம். அவ்வளவுதான். விமர்சன மதிப்பெண், விருதுச் சின்னம், '50 சதவீதம் தள்ளுபடி', 'இலவச டெமோ', 'விஷ்லிஸ்ட் செய்யுங்கள்', உங்கள் வேறொரு கேமின் விளம்பரம் எதற்கும் அனுமதி இல்லை. மீறினால் கடையில் உங்கள் கேம் தெரிவது குறையும், அதிகாரபூர்வ சேல்களில் முன்னிறுத்த மாட்டார்கள்.

பெரிய அப்டேட் வரும்போது அதைப் பற்றி எழுதத் தனி வசதி இருக்கிறது: தற்காலிகமாக வேறு படம் மாட்டலாம், அதிகபட்சம் ஒரு மாதம். கேம் எந்தெந்த மொழிகளில் இருக்கிறதோ அந்தந்த மொழியிலும் அந்த எழுத்து இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். கேம் பெரியவர்களுக்கானதாக இருந்தாலும் கேப்ஸ்யூல் எல்லோரும் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். ரத்தக்களரியும் நிர்வாணமும் வேண்டாம். அப்புறம், ஏ.ஐ. கருவியால் உருவாக்கிய படங்களைப் பயன்படுத்தினால் உள்ளடக்கப் படிவத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் விதி வந்தது. நீங்கள் சொல்வது கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் கருத்து: கேப்ஸ்யூலுக்கு ஏ.ஐ. படம் வேண்டாம். பார்த்துப் பழகிய கண்கள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகின்றன, கேமும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும் என்று முடிவுகட்டிவிடுகின்றன.

4. சின்னதில் தொடங்கிப் பெரியதுக்குப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பெரிய ஓவியத்தை முதலில் வரைந்து, அதைச் சுருக்கிச் சிறிய கேப்ஸ்யூல் செய்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

நீங்கள் 462 × 174 அளவில் ஏற்றும் படத்தை ஸ்டீம் தானாகவே 184 × 69, 120 × 45 என்று இன்னும் சுருக்கிப் பல இடங்களில் காட்டும். 120 × 45 என்பது கட்டைவிரல் நகம் அளவு. தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படிப்பது போல அதைப் படிக்க முடிய வேண்டும். அங்கே நின்றுவிட்ட வடிவமைப்பு பெரிய அளவிலும் நிற்கும். பெரிய அளவில் அழகாக இருந்தது அங்கே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

என் கேம் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவரைப் பற்றியது. முதல் வரைவில் கோபுரம், அலை, நிலா, கிழவர், அவர் நாய், தூரத்தில் ஒரு கப்பல் எல்லாம் இருந்தன. பெரிதாக வைத்துப் பார்த்தால் அருமையான ஓவியம். 120 × 45க்குச் சுருக்கியபோது கருநீலத்தில் ஒரு சாம்பல் தீற்றல் மட்டும் மிஞ்சியது. நாய் ஒரு புள்ளி, பெயர் ஒரு கீறல். அப்புறம் ஓவியரும் நானும் சின்னக் கட்டத்திலேயே வரைய ஆரம்பித்தோம். இடது ஓரத்தில் கோபுரத்தின் தலை மட்டும். அதிலிருந்து மஞ்சள் ஒளி விரிந்து படத்தின் முக்கால் பாகத்தை நிறைக்கிறது. அந்த மஞ்சளின் மேல் அடர்நீலத்தில் பெயர். விளக்குப் பற்றிய கேம் என்பது நகம் அளவிலும் தெரிந்தது. கிழவருக்கும் நாய்க்கும் மெயின் கேப்ஸ்யூலிலும் நெட்டுப் படத்திலும் இடம் கிடைத்தது.

ஸ்டீமின் பின்னணியே கருநீலம். இருட்டான படம் அதோடு கரைந்து, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். திகில் கேம் என்றாலும் ஓர் ஒளிப்புள்ளியோ வெளிறிய முகமோ தனித்துத் தெரியட்டும். இடது மேல்மூலையில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் விஷ்லிஸ்ட் செய்தவர்களுக்கும் அங்கே ஒரு பட்டை வந்து மறைக்கும்.

5. பெயர் எழுத்து

சிறிய கேப்ஸ்யூலில் பெயர்தான் நாயகன். படத்தின் பெரும்பகுதியை லோகோ அடைத்துக்கொண்டாலும் தவறில்லை. நீளமான பெயர் என்றால் இரண்டு வரியாக அடுக்குங்கள். மூன்று வரி அந்த உயரத்தில் தாங்காது. துணைப்பெயர் இருந்தால் சிறிய கேப்ஸ்யூலில் அதை எவ்வளவு பெரிதாக்க முடியும் என்று பாருங்கள், படிக்க முடியாது என்றால் எடுத்துவிடுங்கள்.

எழுத்தின் வடிவமே கேமின் வகையைச் சொல்லும். ஸ்டார்ட்யூ வேலி லோகோவின் மரப்பலகை எழுத்தைப் பார்த்ததுமே இது கிராமம், விவசாயம் என்று புரிந்துவிடுகிறது. உருண்டையான தடித்த எழுத்து இதமான கேம், கூரான செதுக்கல் எழுத்து கற்பனைப் போர் உலகம். இந்த மரபை உடைக்க வேண்டும் என்ற ஆசை வரும். முதல் கேமில் வேண்டாம்; வாங்குகிறவர் தன் வகையை ஒரு நொடியில் அடையாளம் காண இது உதவுகிறது.

தமிழ் எழுத்தில் லோகோ செய்ய நினைப்பவர்களுக்கு: நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணு போன்றவற்றின் உள்ளிடைவெளி சின்ன அளவில் அடைபட்டு ஒரே கட்டியாகிவிடும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் உயரத்தைத் தின்னும். புத்தக எழுத்துருவை அப்படியே வைக்காமல், சுழிகளைத் திறந்து, கோட்டின் தடிமனைக் குறைத்து, கையால் வரையச் சொல்லுங்கள்.

எழுத்துரு உரிமத்தையும் பாருங்கள். இலவசம் என்று இறங்கும் பல எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். கூகுள் ஃபாண்ட்ஸில் இருப்பவை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எதை எடுத்தாலும் உரிமக் கோப்பை ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

6. ஓவியரிடம் என்ன கொடுப்பது

கேப்ஸ்யூல் வரைந்து பழகிய வெளிநாட்டு ஓவியர்கள் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் கேட்பார்கள். உள்ளூர் ஓவியர்களிடம் குறைவாக முடியும். ஆனால் விலையை விட அவருடைய பழைய வேலைகளில் லோகோ எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அருமையாக வரைகிற பலருக்கு எழுத்து வராது. அப்படியானால் லோகோவுக்கு இன்னொருவரை வைப்பதுதான் சரி.

பணமே இல்லை என்றால் நீங்களே க்ரிட்டா என்ற ஓவியச் செயலியிலோ பிளெண்டர் என்ற 3டி செயலியிலோ செய்யலாம், இரண்டும் இலவசம். கேமின் 3டி மாடலை நல்ல வெளிச்சத்தில் ரெண்டர் செய்து, லோகோவுக்கு மட்டும் செலவழிப்பது கையைக் கடிக்காத வழி. பிக்ஸல் ஆர்ட் (சின்னச் சதுரப் புள்ளிகளால் வரைந்த) கேம்காரர்கள் கவனிக்க: கேமில் இருக்கும் பிக்ஸல் உருவத்தை அப்படியே போட்டால் ஸ்டீம் சுருக்கும்போது மங்கிவிடும். பிக்ஸல் கேம்கள் பலவற்றின் கேப்ஸ்யூல் தூரிகை ஓவியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓவியருக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். அதில் கேமில் ஆடுபவர் என்ன செய்கிறார் என்று ஒரே வாக்கியம், உங்கள் வகையில் நன்றாக விற்ற பத்துப் பன்னிரண்டு கேம்களின் கேப்ஸ்யூல்கள், உருவங்களின் படங்கள், மேலே சொன்ன அளவுப் பட்டியல். கதைச் சுருக்கத்தை நாலு பக்கம் எழுதி அனுப்பாதீர்கள். அவர் அதையெல்லாம் படத்துக்குள் கொண்டுவர முயல்வார், என் முதல் வரைவில் வந்த கப்பல் அப்படி வந்ததுதான்.

முதலில் நான்கைந்து சின்ன வரைவுகள் கேளுங்கள், வண்ணம்கூட வேண்டாம், கருப்பு வெள்ளை போதும். அவற்றை 120 × 45க்குச் சுருக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் எவ்வளவு மாற்றினாலும் செலவில்லை. வண்ணம் ஏறிய பிறகு கோபுரத்தை வலப்பக்கம் நகர்த்துங்கள் என்றால் அவருக்கும் கோபம் வரும், உங்களுக்கும் பணம் போகும்.

7. எழுத்தில் ஒப்பந்தம்

நண்பர்தானே, வாட்ஸப்பில் பேசிக்கொண்டால் போதும் என்று விடாதீர்கள். பணம் கொடுத்துவிட்டதாலேயே ஓவியத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19 உரிமையை மாற்றித் தருவது பற்றிச் சொல்கிறது: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும்.

கேம் உலகம் முழுக்க விற்கப் போகிறது, தள்ளித் தள்ளி இரண்டு வருடம் கழித்துக்கூட வெளிவரலாம். ஆகவே 'உலகம் முழுவதும்', 'பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்', 'ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஓவியர் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு திருத்தம் எத்தனை சுற்று, பணம் எப்போது எவ்வளவு (பாதி முன்பணம், பாதி முடிந்ததும் என்பது வழக்கம்), ஏ.ஐ. பயன்படுத்தவில்லை என்ற உறுதி, டீ-சர்ட், போஸ்டர் விற்கலாமா என்பதும் இருக்கட்டும். கடைசியாகக் கோப்பு: லேயர் பிரித்த பி.எஸ்.டி. அல்லது க்ரிட்டா கோப்பு, லோகோ தனியாகப் பின்னணி இல்லாமல். எனக்கு ஒருமுறை எல்லாம் ஒட்டிய ஒற்றை ஜே.பி.ஜி.தான் வந்தது. கேட்டபோது லேயர் கோப்புக்குத் தனி விலை என்றார்கள். பாக்கிப் பணத்தைக் கோப்பு கைக்கு வந்து, திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.

8. ஏற்றும் முன் சோதனை

ஸ்டீமில் உங்கள் வகையின் டேகைத் தேடி, முடிவுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நடுவில் ஒரு கேமின் மேல் உங்கள் படத்தை அதே அளவில் ஒட்டுங்கள். போனில் திறந்து, கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டி மூடிவிடுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது? நடுவில் இருந்த கேமில் ஆடுபவர் என்ன செய்ய வேண்டியிருக்கும்?' என்று கேளுங்கள். பெயரைத் தப்பாகப் படித்தால் லோகோவைத் திருத்துங்கள். வகையைத் தப்பாகச் சொன்னால் ஓவியத்தைத் திருத்த வேண்டும். அது பெரிய வேலை, ஆனாலும் இப்போதே செய்வது மேல்.

படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். பெயர் பின்னணியோடு ஒட்டிக்கொண்டால் வண்ணத்தை நம்பித்தான் அது இதுவரை நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

9. ஏற்றிய பிறகு

ஸ்டீம்வொர்க்ஸில் டிராஃபிக் அறிக்கை இருக்கிறது. எத்தனை முறை படம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று இடவாரியாகப் பிரித்துத் தரும். மொத்த சதவீதத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். முகப்பில் சும்மா கடந்து போகிறவரும், தேடலில் பெயரைத் தட்டி வருகிறவரும் ஒன்றல்ல. ஒரே இடத்தின் எண்ணை, படம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வைத்து ஒப்பிடுங்கள்.

கூகுள் பிளேயில் இருப்பது போல இரண்டு படத்தை ஒரே சமயத்தில் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டிப் பார்க்கும் வசதி ஸ்டீமில் இல்லை. அதனால் மாற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னே இரண்டு வாரம், பின்னே இரண்டு வாரம் என்று ஒப்பிடும்போது நடுவில் சேலோ, விழாவோ, யூடியூபர் போட்ட வீடியோவோ வந்திருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. அவை அடங்கிய பிறகு புதிதாக எண்ணத் தொடங்குங்கள். மாற்றும்போது சிறிய கேப்ஸ்யூலை மட்டும் மாற்றிவிட்டு நிற்காமல் ஹெடரையும் சேர்த்தே மாற்றுங்கள். பட்டியலில் ஒரு படத்தைத் தட்டி வந்தவர் பக்கத்தின் உச்சியில் வேறு படத்தைக் கண்டால், தப்பான பக்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடுவார்.